துடைப்பம் ஏந்திய துறவி

தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் திருநாவுக்கரசரை யாரும் அடையாளம் காட்டத் தேவையில்லை. தோளில் சார்த்திய உழவாரப்படையே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். திருமுற்றத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கித் தூய்மை செய்வதைத் தம் தொண்டாகக் கொண்ட பெரியார் அவர். அரசனும் அடியாரும் வணங்கும் நிலையை அடைந்த பின்னும் அந்தக் கருவியை அவர் கீழே வைக்கவில்லை.

அப்பரை அறிந்த நமக்கு, மராட்டிய நாடு போற்றும் காட்கே பாபாவைப் புரிந்துகொள்வது அரிதன்று. அவர் கையில் இருந்தது உழவாரம் அன்று, துடைப்பம். அவர் தூய்மை செய்தது கோயிலின் உள்முற்றத்தையும் அன்று. கோயிலுக்கு வெளியே மக்கள் நடக்கும் தெருவையும், அவர்கள் நீராடும் ஆற்றங்கரையையும், அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிச் செல்லும் சாக்கடையையும் அவர் தூய்மை செய்தார். அப்பர் ஏழாம் நூற்றாண்டினர். காட்கே பாபாவோ நம் பாட்டனார், பூட்டனார் காலத்தில் வாழ்ந்து 1956இல் மறைந்தவர்.

இந்த மாநிலத்துக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களின் கண்ணில் அவருடைய படம் படாமல் இருக்க முடியாது. கந்தல் உடை, வெண்தாடி, தலையில் கவிழ்த்த மண்சட்டி, கையில் துடைப்பம். யாரோ ஒரு சாமியார் என்று எண்ணிக் கடந்து போவது எளிது. அவர் யார், என்ன செய்தார், அவர் செய்ததில் மாணவர்களாகிய நமக்கு என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. மராட்டிய நண்பர்கள் வாயிலாகக் கேட்டவற்றையும் படித்தறிந்தவற்றையும் தொகுத்து எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

விதர்ப்பப் பகுதியில் அமராவதி மாவட்டத்தைச் சேர்ந்த ஷேண்ட்காவ் என்னும் சிற்றூரில், 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தேபுஜி. தந்தையார் ஜிங்கராஜி, தாயார் சக்குபாய். பரீட் என்று மராட்டியர் வழங்கும் சலவைத் தொழிலாளர் குலம் அவர்களுடையது. ஊரார் அழுக்கை வெளுத்துக் கொடுத்துவிட்டு, ஊரார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கூலி பெறும் குலம். இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்களிலும் இந்த நிலை இருந்ததை நாம் அறிவோம்.

தேபு பிறந்த அதே ஆண்டின் பிற்பகுதியில் மழை பொய்த்தது. தக்காணத்திலும் சென்னை மாகாணத்திலும் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிய குரலில் சொல்லி வந்தது அதைத்தான். பஞ்சம் போன பின்னும் ஏழையின் வீட்டில் இரண்டு பகைகள் தங்கிவிட்டன. ஒன்று குடி, மற்றொன்று கடன். இவ்விரண்டும் தேபுவின் இளமையைத் தீய்த்தன.

தந்தை குடித்தார். அவர் ஒருவர் மட்டும் குடித்தார் என்று சொல்ல முடியாது. பிறப்பு என்றால் குடி, மணம் என்றால் குடி, சாவு என்றாலும் குடி என்பது அச்சமூகத்தின் வழக்கமாக இருந்தது. விருந்து வைக்காதவனைச் சாதியார் இகழ்வார்கள். விருந்து வைத்தவனைக் கடன்காரர் இகழ்வார்கள். தேபு சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தை குடியினால் உடல் நலிந்து மாண்டார். தாய் மகனை அழைத்துக்கொண்டு தாப்புரே என்ற ஊரில் இருந்த தம் பிறந்தகத்தை அடைந்தார்.

மாமன் வீட்டில் தேபு மாடு மேய்த்தான். பின்பு ஏர் பிடித்தான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் உழவில் அவனுக்கு நிகரானவர் ஊரில் இல்லை என்று பெயர் வாங்கினான். மாட்டைக் குளிப்பாட்டுவதிலும் கொட்டிலைக் கூட்டி மெழுகுவதிலும் அவனுக்கு இருந்த விருப்பத்தை ஊரார் வியந்தார்கள்.

கடன் கற்பித்த பாடம்

மாமன் தம் நிலத்தின் பேரில் லேவாதேவிக்காரர் ஒருவரிடம் கடன் பட்டிருந்தார். கட்டிய பணம் கட்டியபடி இருந்தது, கடனும் கடனாகவே இருந்தது. கணக்குப் புத்தகம் கொடுத்தவர் கையில் இருந்தது. அதைப் படிக்கும் கண் வாங்கியவரிடம் இல்லை. இறுதியில் நிலம் கைமாறியது. அந்தத் துயரிலேயே மாமன் இறந்தார். எஞ்சிய நிலத்தையும் பறிக்க ஆள்கள் வந்தபோது, இளைஞரான தேபுஜி ஏரை விட்டு அகலாமல் நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

இந்த நிகழ்ச்சியை நான் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் காட்கே பாபா தெய்வத்தைப் பற்றிப் பேசியதைவிடக் கடனைப் பற்றிப் பேசியதே மிகுதி. கடன் வாங்காதே என்று வெறும் அறிவுரையாக அவர் சொல்லவில்லை. படிப்பறிவு இல்லாதவன் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதைத் தம் வீட்டில் கண்டவர் அவர். ஆகவே குடியையும் கடனையும் கல்லாமையையும் அவர் தனித்தனி நோய்களாகப் பார்க்கவில்லை. ஒரே கொடியில் காய்த்த மூன்று காய்களாகவே பார்த்தார்.

1892இல் தேபுஜிக்குத் திருமணம் நடந்தது. மனைவியார் பெயர் குந்தாபாய். பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டு விழாவுக்குச் சாதியார் அனைவரும் கூடினார்கள். வழக்கப்படி கள்ளும் கறியும் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இனிப்பும் மரக்கறி உணவும் பரிமாறினார் தேபுஜி. குலவழக்கத்தை மீறியவன் என்று சிலர் கோபித்தார்கள். அவர் பணிந்து பேசினார். ஆனால் வழக்கத்துக்குப் பணியவில்லை. ஊர்ச் சீர்திருத்தத்தை மேடையில் தொடங்காமல் தம் வீட்டுப் பந்தியில் தொடங்கினார் என்பது கருதத்தக்கது.

வீட்டை விட்டு வெளியே

1905ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், ஊர் உறங்கும் வேளையில், தாயையும் மனைவி மக்களையும் விட்டுத் தேபுஜி வீட்டைவிட்டு வெளியேறினார். வயது இருபத்தெட்டு. கையில் ஒரு தடி, உணவு வாங்கவும் நீர் பருகவும் ஒரு மண்சட்டி, உடம்பில் கந்தல், அவ்வளவுதான்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். பிள்ளை குட்டிகளைத் தவிக்க விட்டு வெளியேறுவதும் ஒரு துறவா? இக்காலத்து நமக்கு இது எளிதில் செரிக்கும் செய்தி அன்று. குந்தாபாய் பட்ட துன்பத்தை எவரும் சிறிதாக எண்ணக்கூடாது என்பதே என் கருத்து. அந்தத் துன்பத்தின் விலையில்தான் பின்னாளில் ஆயிரக்கணக்கான ஏழைகள் ஒதுங்க இடம் பெற்றார்கள். புகழ் முழுவதையும் ஒருவருக்கே கொடுத்துவிட்டு அந்த அம்மையாரை மறந்துவிடுவது நேர்மையாகாது.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் ஊர் ஊராக அலைந்தார். பிச்சைக்காரன் என்று சிலர் விரட்டினார்கள். பித்தன் என்று சிலர் சிரித்தார்கள். ஒரு காதில் சோழி, மற்றொரு காதில் உடைந்த வளையல் துண்டு. பல நிறத் துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்த உடை. மராட்டியில் மண்சட்டிக்குக் காட்கே என்று பெயர். உண்ணும்போது கலமாகவும், நடக்கும்போது தலையில் தொப்பியாகவும் பயன்பட்ட அந்தச் சட்டியே அவருக்குப் பெயராயிற்று. தேபுஜி என்ற பெயரை உலகம் மறந்தது. மண்சட்டியின் பெயர் நிலைத்தது.

உழைக்காமல் அவர் உண்டதில்லை. ஒரு வீட்டு வாசலில் விறகைப் பிளந்து போடுவார். மற்றொரு வீட்டுக் கொட்டிலைக் கூட்டுவார். அதற்குப் பிறகே ஒரு சோள ரொட்டி கேட்பார். அமராவதிப் பகுதியில் பூர்ணை ஆற்றங்கரையில் ருணமோசன் என்ற தலம் உண்டு. அங்கே திருவிழாக் காலத்தில் மக்கள் சேற்றில் வழுக்கி விழுந்து துன்புற்றார்கள். காட்கே பாபா மண்வெட்டியும் கூடையுமாக வந்து கரையைச் சீர்திருத்தத் தொடங்கினார். அவரைக் கண்டு மற்றவர்களும் கைகொடுக்க, அங்கே படித்துறை எழுந்தது. யாரையும் அவர் அழைக்கவில்லை. அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மக்களுக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய இயக்கத்தின் முழு இரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பகலில் துடைப்பம், இரவில் கீர்த்தன்

ஓர் ஊருக்கு வந்தால் அவர் யார் வீட்டையும் தேடிப் போகமாட்டார். ஊர் எல்லையிலிருந்தே கூட்டத் தொடங்கிவிடுவார். தெருவைக் கூட்டுவார், சாக்கடையில் அடைத்துக் கிடக்கும் கசடை அள்ளுவார். முதலில் சிறுவர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். பிறகு இளைஞர்கள் ஆளுக்கொரு துடைப்பம் எடுப்பார்கள். மாலைக்குள் ஊரின் முகமே மாறியிருக்கும். அன்று இரவு கீர்த்தன் நடக்கும்.

கீர்த்தன் என்றால் நம் ஊர்க் கதாகாலட்சேபம் போன்றது. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் அவர்கள் கொண்டு வந்த கீர்த்தன் மரபிலிருந்துதான் நம் கதாகாலட்சேபம் வளர்ந்தது. ஆகவே உறவு பழையது. ஆனால் காட்கே பாபாவின் கீர்த்தனில் புராணக் கதை குறைவு. விதர்ப்பத்து உழவர் பேசும் வர்ஹாடிப் பேச்சு மொழியில் அவர் கேள்வி கேட்பார். கூட்டம் பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கொண்டே அடுத்த கேள்வி பிறக்கும். இறைவனைக் குளிப்பாட்டுவது யார், உடுத்துவது யார், படையலுக்கு வரும் நாயை விரட்டுவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாம் நாங்களே என்று கூட்டத்தின் வாயாலேயே சொல்ல வைப்பார். அப்படியானால் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு நிறுத்துவார். கூட்டம் சிரிக்கும், பின்பு சிந்திக்கும். இடையிடையே கண்ணன் பெயரைச் சொல்லி எல்லோரையும் பாட வைப்பார். கடவுளை மறுத்தவர் அல்லர் அவர். கடவுளின் பெயரால் வயிறு வளர்ப்பதையும், ஆடு வெட்டுவதையும், ஒரு மனிதனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்குவதையும் மறுத்தவர்.

அவர் சொன்னவை புதியவை அல்ல. குடிக்காதீர்கள், கடன் வாங்கித் திருமணம் செய்யாதீர்கள், உயிர்ப்பலி இடாதீர்கள், தீண்டாமை பாராட்டாதீர்கள், உண்ணும் தட்டை விற்றாவது பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்பவைதாம். எழுதப் படிக்க அறியாத ஒருவர் கல்வியைப் பற்றிப் பேசுவதை மக்கள் ஏன் கேட்டார்கள்? காலையில் தங்கள் தெருச் சாக்கடையில் இறங்கிய மனிதர் இரவில் பேசுகிறார் என்பதால் கேட்டார்கள். துடைப்பமே அவருடைய நூல். கீர்த்தன் அதற்கு உரை.

1923இல் கொங்கணக் கரைப் பகுதியில் கீர்த்தன் நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய ஒரே மகன் கோவிந்தன் இறந்த செய்தி வந்தது. செய்தியைக் கேட்டார், கீர்த்தனைத் தொடர்ந்து நடத்தி முடித்தார். எத்தனையோ பேருடைய பிள்ளைகள் மாண்டிருக்க, தம் ஒருவர் பிள்ளைக்காக எப்படி அழுவது என்பது அவர் நினைவாக இருந்ததாம்.

அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து, காலரா நோய்க்குக் காரணமான கிருமியை நிலைநாட்டினார். நீரின் வழியே அந்நோய் பரவும் என்பது அறிஞர் உலகுக்குத் தெளிவாகி வந்தது. அப்போது தேபுவுக்கு வயது எட்டு. அந்த அறிவு நூலகத்திலிருந்து புறப்பட்டுப் பண்டரிபுரத்து ஆற்றங்கரைக்கு வந்து சேர எத்தனையோ ஆண்டுகள் பிடித்தன. யாத்திரைத் தலங்கள்தோறும் காலரா மக்களை வாரிக்கொண்டு போனது. நுண்ணோக்கியைக் கண்ணாலும் கண்டிராத காட்கே பாபா, பல இலட்சம் மக்கள் கூடும் ஆஷாட ஏகாதசி விழாவில் சந்திரபாகை ஆற்றங்கரையில் நின்று மனித அழுக்கை அள்ளினார். பக்தர்கள் கோயிலுக்குள் விட்டலனைத் தேடினார்கள். அவர் உள்ளே போகாமல் வெளியே கூட்டிக்கொண்டிருந்தார். அறிவை ஆராய்ச்சியால் பெறுவது ஒரு தொண்டு. அதை மக்களின் பழக்கமாக மாற்றுவது மற்றொரு தொண்டு. முன்னதற்குப் பட்டம் உண்டு. பின்னதற்குத் துடைப்பம்தான் உண்டு.

ஏழைகளுக்கு எழுந்த சத்திரங்கள்

புகழ் பரவப் பரவப் பணம் வந்தது. செல்வர்கள் கொட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பண்டரிபுரம், நாசிக், ஆளந்தி, தேகு முதலிய தலங்களில் சத்திரங்கள் எழுந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதிகளும் பள்ளிகளும், கிழ மாடுகளுக்குக் கொட்டில்களும் எழுந்தன. பம்பாயில் ஜே.ஜே. மருத்துவமனைக்கு அருகில் ஒரு சத்திரம் அமைந்தது. நோயாளியை மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும். அவனுடன் கிராமத்திலிருந்து வந்த தாயும் மனைவியும் எங்கே படுப்பார்கள்? இந்தக் கேள்வி பெரிய திட்டம் போடுபவர்களுக்குத் தோன்றாது; தெருவோரத்தில் படுத்துப் பழகியவருக்கே தோன்றும். இன்றும் தாதரில் அவர் பெயரால் அமைந்த சத்திரத்தில், புற்றுநோய் மருத்துவத்துக்காக வெளியூர்களிலிருந்து வரும் ஏழைகள் தங்குகிறார்கள்.

சத்திரங்களுள் தலைமையானது பண்டரிபுரத்துச் சோகாமேளா சத்திரம். சோகாமேளா பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அடியார். மகார் குலத்தில் பிறந்த காரணத்தால் கோயிலுக்குள் விடப்படாதவர். அவருடைய சமாதி இன்றும் கோயில் படிக்குக் கீழேதான் இருக்கிறது. நந்தனாரை அறிந்த நமக்கு இந்த வரலாறு அந்நியமன்று. சோகாமேளாவின் குலத்தில் வந்தவர்கள் யாத்திரை வந்தாலும் தங்க ஓர் இடம் கிடைக்காமல் மணலில் கிடந்தார்கள். அவர்களுக்காகவே அந்தச் சத்திரத்தைக் காட்கே பாபா எழுப்பினார். சானே குருஜியின் உண்ணாநோன்புக்குப் பின் 1947இல்தான் பண்டரிபுரம் கோயில் எல்லோருக்கும் திறந்தது என்பதை நினைத்தால், இச்செயலின் துணிவு விளங்கும்.

இத்தனை கட்டடங்களை எழுப்பியவர் அவற்றுள் தமக்கென ஓர் அறை வைத்துக்கொள்ளவில்லை. நிர்வாகத்தை அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, மறுபடியும் சட்டியும் துடைப்பமுமாக நடந்தார். சீடர் என்று ஒருவரையும் ஏற்கவில்லை. காலில் விழ வந்தவர்களைத் தடியால் அடித்து விரட்டுவார் என்று சொல்வார்கள். தம்மைத் தொழத் தொடங்கிவிட்டால் மக்கள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அம்பேத்கரும் பாபாவும்

ஒருவர் உலகப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற சட்ட மேதை. மற்றவர் எழுத்தறியாத நாடோடி. ஒருவர் தலையில் ஐரோப்பியத் தொப்பி. மற்றவர் தலையில் மண்சட்டி. எனினும் டாக்டர் அம்பேத்கரும் காட்கே பாபாவும் ஒருவரையொருவர் மதித்தார்கள். பண்டரிபுரத்துச் சோகாமேளா சத்திரத்தை 1949இல் காட்கே பாபா அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். யாத்திரிகர் படுக்கும் இடத்தைவிடப் பிள்ளைகள் படிக்கும் இடம் பெரிது என்று அவர் கருதினார் போலும்.

கர்மவீரர் பாவுராவ் பாட்டீலும் அவருக்கு நெருங்கியவர். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக 1919இல் ரயத் சிட்சண சன்ஸ்தா என்ற நிறுவனத்தைத் தொடங்கிய பெருமகன் பாட்டீல். 1954இல் கராட் நகரில் அவர் தொடங்கிய கல்லூரிக்குக் காட்கே மகாராஜரின் பெயரையே சூட்டினார். பள்ளிக்குப் போகாதவர் பெயரால் ஒரு கல்லூரி! அக்காலத்துப் பம்பாய் முதலமைச்சர் பி.ஜி. கேரும் பாபாவின் அன்பர். ஆனால் ஆட்சியாளரின் நட்பால் அவருடைய கந்தலில் ஓர் ஒட்டும் குறையவில்லை.

1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பம்பாய் பாந்திராவில் அவர் நடத்திய கீர்த்தன் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அதுவே அவருடைய இறுதிக் கீர்த்தன். டிசம்பர் 6ஆம் நாள் அம்பேத்கர் மறைந்தார். நோயுற்றிருந்த பாபாவை அச்செய்தி மிகவும் வருத்தியது. பதினான்கு நாள்கள் கழித்து, டிசம்பர் 20ஆம் நாள், அமராவதிக்குக் கொண்டு செல்லும் வழியில் வல்காவ் அருகே பேடி ஆற்றங்கரையில் அவர் உயிர் பிரிந்தது. அகவை எண்பது. பிறந்ததும் அமராவதி மாவட்டம். மறைந்ததும் அதே மாவட்டம்.

நாம் செய்ய வேண்டியது

1998இல் அஞ்சல்தலை வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் மராட்டிய அரசு அவர் பெயரால் ஊர்த் தூய்மைப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. அரசுப் பணத்தை எதிர்பாராமல் ஊரார் தாமே கூடித் தம் ஊரைத் தூய்மை செய்ய வேண்டும் என்பதும், சிறந்த ஊர்களுக்குப் பரிசு உண்டு என்பதும் அதன் முறை. பல ஊர்களில் கழிப்பறைகள் எழுந்தன, சாக்கடைகள் சீர்பெற்றன. 1983இல் தோன்றிய அமராவதிப் பல்கலைக்கழகமும் பின்னர் அவர் பெயரைத் தாங்கியது. இவை யாவும் நல்லவையே.

ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. இந்த நாட்டில் தூய்மை என்பது வெறும் உடல்நலக் கேள்வி அன்று. அது பிறப்பைப் பற்றிய கேள்வியும் ஆகும். அழுக்கை உண்டாக்குபவர் எல்லோரும், அதை அள்ளுபவர் மட்டும் சிலர். அந்தச் சிலர் யார் என்பதைப் பிறப்பே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டமும் வந்தன. இருந்தும் கழிவுநீர்க் குழிகளில் இறங்கி மூச்சுத் திணறி மாள்வோர் செய்தி இன்னும் நிற்கவில்லை. குழியில் தேங்கும் நச்சுவாயு எவ்வாறு உண்டாகிறது, எத்தனை நொடியில் மனிதனை வீழ்த்தும் என்பதை வகுப்பில் படிக்கிறோம். தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. அந்தக் குழிக்குள் இறங்குபவருக்கோ அதைச் சொல்வார் இல்லை. காட்கே பாபாவின் படத்துக்கு மாலையிட்டுவிட்டு இந்தக் கொடுமையைப் பாராதிருந்தால், அவர் நம்மையும் தடியால் அடித்து விரட்டுவார்.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவை எடுத்துக்கொள்வோம். கரும்பும் கோலமும் கலை நிகழ்ச்சியுமாக நாள் இனிதே கழிகிறது. விருந்து முடிந்த பின் இலைகளும் காகிதக் குவளைகளும் கரும்புச் சக்கையும் திடலெங்கும் கிடக்கின்றன. மறுநாள் விடியற்காலையில் துப்புரவுப் பணியாளர்கள் வந்து அள்ளுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. நம்முடைய விழா இன்னதென்று அவர்களுக்கும் தெரியாது.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசியபோது ஒருவர் நியாயமான ஒரு தடையை எழுப்பினார். நாம் கூட்டிவிட்டால் அவர்களுடைய பிழைப்பு என்ன ஆவது என்று கேட்டார். பிழைப்புக்கு ஊறு வராது. வளாகம் பெரிது; ஆண்டில் ஒரு நாள் ஒரு திடலை நாம் கூட்டுவதால் யாருடைய கூலியும் குறையாது. அவர்களுடைய கூலி உயர வேண்டும், கையுறையும் காலணியும் கருவியும் கிடைக்க வேண்டும் என்று பேசுவதற்கு நமக்குத் தகுதி வேண்டாமா? ஒரு நாளாவது துடைப்பம் பிடித்த கைக்கே அந்தத் தகுதி வரும். காட்கே பாபா ஊர்ச் சாக்கடையை அள்ளியது ஊருக்குக் கூலி மிச்சம் பண்ணுவதற்காக அன்று. அள்ளுவது இழிவு, அள்ளுபவர் இழிந்தவர் என்ற எண்ணத்தை முதலில் அள்ளி எறிவதற்காகவே.

மற்றொருவர், படம் எடுத்துப் போட்டுப் பெயர் வாங்கவே இப்படிப்பட்ட வேலைகள் நடக்கின்றன என்றார். அதிலும் உண்மை உண்டு. புதுத் துடைப்பம் வாங்கி, கூட்டிய தரையையே மறுபடியும் கூட்டும் காட்சிகளை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கும் பாபாவின் முறையிலேயே மருந்து இருக்கிறது. அவர் ஊருக்குள் புகும்போது அவரை யாரும் அறியார். அறியும் முன்பே பாதித் தெருவைக் கூட்டி முடித்திருப்பார்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து இக்கட்டுரையை முடிக்கிறேன். வரும் பொங்கல் விழாவின் நிகழ்ச்சி நிரலில் நன்றியுரைக்குப் பின் மேலும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: திடலைக் கூட்டுதல், உறுப்பினர் அனைவரும். பேராசிரியரும் முதலாண்டு மாணவரும் ஒரே வரிசையில் நின்று கூட்ட வேண்டும். அன்று படம் எடுக்க வேண்டாம். விருந்தில் முதல் பந்தியை நம் வளாகத்துத் துப்புரவுப் பணியாளர்களுக்கு இட்டு, அவர்களுடன் அமர்ந்து உண்ண வேண்டும். அவர்களுக்கு என்ன குறை, எந்தக் கருவி இல்லை, சம்பளம் எத்தனை நாள் தாமதமாகிறது என்பதை அப்போதே கேட்டு எழுதிக்கொண்டு, சங்கத்தின் பெயரால் நிர்வாகத்திடம் மனுவாகக் கொடுக்க வேண்டும். துடைப்பங்களை வாங்கும் செலவை நான் ஏற்கிறேன். முப்பது போதும் என்று கணக்கிட்டிருக்கிறேன். வருபவர் மிகுந்தால் மகிழ்ச்சியோடு இன்னும் வாங்கலாம்.